பொழியிலிருந்து மூன்று மீட்டர்

பத்தாவது பரீட்சையில் ஒரு ரெண்டு மார்க் கேள்வி.
(3, −2) என்ற புள்ளி வழியே
Y அச்சுக்கு இணையாகச் செல்லும் கோட்டின் சமன்பாடு காண்க.
y = −2 என்று எழுதினேன்.
Y-க்கு இணை என்றால் y தானே வரணும்?
மேலும் கீழும் போகிற கோட்டுக்கு
மேலும் கீழும் போகிற எழுத்துத்தானே பேர்?
மொத்தம் முப்பத்து மூன்று வாங்கினேன்.
முப்பத்தஞ்சு இருந்தால் பாஸ்.

அப்புறம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறிவிட்டேன்.

இன்றைக்கு முத்தூருக்குத் தெற்கே ஒரு கொறங்காடு.
கிளுவை வேலிக்கு இக்கட்ட தெய்வசிகாமணி,
அக்கட்ட அவர் அண்ணன்.
பாகம் பிரித்ததிலிருந்து பேச்சு இல்லை.
அண்ணனுடைய போர் பொழியிலிருந்து ஐந்து மீட்டர்,
அறுநூற்று நாற்பதடியில் ரெண்டு இஞ்சு தண்ணி.
இந்தப் பக்கம் மூன்றாவது மீட்டரில்
உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய்
நட்டுக்குத்தலாய் எழுந்து நின்றதாம்.
சுண்ணாம்பில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

வண்டி ஒருச்சாய்ந்து நின்றது, மேட்டில்.
பானட்டில் வைத்த டீ மட்டும்
டம்ளர் சாய்ந்தும் தான் சாயாமல் கிடந்தது.
ஜாக்கி ஏற்றி, ரசமட்டம் வைத்தேன்.
நூலளவு சாய்ந்தாலும்
முந்நூறாவது அடியில் ராடு கவ்விக்கொள்ளும்.

நோட்டில் எழுதுவது என் வேலை.
ராடு ஒன்று, இருபதடி, செம்மண்.
ராடு ஐந்து, நூறடி, ஓடைக்கல்.
ராடு பதினேழு, முந்நூற்று நாற்பது, கருங்கல், புகை.
ஆழம் என்கிற கட்டத்தில் எண்கள் இறங்கிக்கொண்டே போக,
இடம் என்கிற கட்டத்தில்
3, மேற்படி, மேற்படி, மேற்படி.

இருபத்தெட்டாவது ராடை மங்கள் மாட்டும்போது
பொடனியில் தட்டினாற்போல் உறைத்தது.
ஓடுவதை எழுதி மாளாது.
எது நகரவில்லையோ அதை எழுதிவிட்டால் போதும்.
x = 3.
y தன் இஷ்டத்துக்கு இறங்கட்டும்.
பதினாறு வருசம் தள்ளி வந்த ரெண்டு மார்க்கை
கம்ப்ரஸர் சத்தத்தில் யாரிடம் சொல்ல?
மங்களுக்குத் தமிழ் பாதிதான் வரும்.
எதற்கோ சிரிக்கிறேன் என்று அவனும் சிரித்தான்.

முப்பத்திரண்டாவது ராடுக்கு எல்லோரும் கிட்ட வந்தார்கள்.
பூங்கொடி கற்பூரத் தட்டோடு.
அண்ணன் தண்ணியிலிருந்து வேலிக்கு அடியில்
ஒரு படுக்கைக்கோடு இழுத்தேன், மனசுக்குள்:
y = −640.
அகலம் மீட்டர், ஆழம் அடி.
எங்கள் தொழிலில் கணக்கு அப்படித்தான்.
தாளில் இந்த ரெண்டு கோடும் சந்தித்தே தீரணும்,
ஒரே ஒரு புள்ளியில்,
தப்பிக்க வழி கிடையாது.

தூள் பறந்தது.
வெள்ளைத் தூள்.
கற்பூரத்தின் மேலும் பூங்கொடியின் தலையிலும் படிந்தது.

"இன்னும் நாலு ராடு வுடுங்க."
நாலு, அப்புறம் நாலு.
ஆழம் ஏற ஏற அடிக்கு ரேட்டும் ஏறும்.
அன்றைக்கு ராத்திரி சாய்வு இருந்த கோடு
அது ஒன்றுதான்.

ஆயிரத்து நூறில் வேலிக்கு அப்பாலிருந்து டார்ச் அடித்து
அண்ணன் என்னிடம் கேட்டார், தம்பியிடம் இல்லை:
"எத்தனை ஆச்சு?"
சொன்னேன்.
"இன்னும் வுடறானா?"
டார்ச் அணைந்தது.

விடிகாலையில் பத்து மீட்டர் தள்ளிப் போட்டால் ஆகுமா என்றார் தெய்வசிகாமணி.
x = 13 என்று நினைத்துக்கொண்டு
"தெரியலீங்க" என்றேன்.

ஜாக்கியை இறக்கும்போதுதான் பார்த்தேன்.
கிளுவை வேலியின் அடியில் நுழைந்து
தரையோடு தரையாக
இந்தப் பக்கம் ரெண்டு முழம் நீட்டிக் கிடந்தது
ஒரு கறுப்பு ஓஸ்.
வாயில் பாலிதீன் சுற்றிக் கட்டியிருந்தது.
நாங்கள் தாராபுரம் ரோடு ஏறுகிற வரை
யாரும் அதை அவிழ்க்கவில்லை.
யாரும் அதைத் திருப்பித் தள்ளவும் இல்லை.